தகப்பன்: ஆ-2 (அல்லது 3?)

மூன்று வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு பால் பைதான் குட்டி வாங்கிப் போனவர் ஒரு நாள் காலையில் செய்தி அனுப்பியிருந்தார். "உங்க குட்டி நல்லா வளர்ந்து இப்போ 1,600 கிராம். இந்த சீசன்ல ஜோடி சேர்க்கலாம்னு இருக்கேன். இதோட அப்பா யாருங்க?"

நோட்டைப் புரட்டினால் ஒரு நிமிட வேலை என்றுதான் எடுத்தேன். அந்தப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இப்படி இருந்தது: "பெ-5 × ஆ-2 (அல்லது 3?)". பெ என்றால் பெண், ஆ என்றால் ஆண். அடைப்புக்குறியையும் கேள்விக்குறியையும் போட்ட புண்ணியவான் நானேதான். எதை நினைத்துப் போட்டேன் என்பதுதான் மறந்துவிட்டது.

(பால் பைதானுக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும், அதனால் வந்த ஆங்கிலப் பெயர். பாம்பு வளர்க்கிறேன் என்றதும் "பால் வைப்பீங்களா?" என்று கேட்கிறவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லாமல் இருப்பதே நல்லது.)

அந்த ஒரு கேள்விக்குறியைத் தீர்க்க உட்கார்ந்தவன், என்னிடம் இருக்கும் எல்லாப் பாம்புகளின் வம்சாவளியையும் ஓர் ஆன்லைன் பதிவேட்டில் ஏற்றி முடித்தபோது நாலு மாதம் ஓடிவிட்டது. அந்த நாலு மாத வேலையின் குறிப்புகள் இவை.

முதலில் காகிதம்

அப்போது என்னிடம் 14 பாம்புகள். 13 பால் பைதான், ஒரு போவா. விவரங்கள் மூன்று இடங்களில் சிதறிக் கிடந்தன: ஒரு நோட்டு, பெட்டி மூடிகளில் ஒட்டிய மாஸ்கிங் டேப், ஃபோனில் உள்ள படங்கள். எதை நம்பலாம் என்று கேட்டிருந்தால் நோட்டைத்தான் காட்டியிருப்பேன். வேலையில் இறங்கிய பிறகுதான் ஃபோன் படங்கள் எவ்வளவு மேல் என்று புரிந்தது. நோட்டில் நான் எழுதியதெல்லாம் இரண்டு நாள் கழித்து, சில சமயம் ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதியவை. படத்தில் தேதியும் நேரமும் தானாகவே ஏறியிருக்கிறது. முட்டையிட்ட தேதி என்று நோட்டில் இருந்ததைப் படங்களோடு ஒப்பிட்டபோது, 9 ஈடுகளில் 4 ஈடுகளுக்குத் தேதி தப்பு. (ஒரு தாய் ஒரு முறை இடும் முட்டைக் கூட்டத்தை இங்கே ஈடு என்று எழுதுகிறேன். கிளட்ச் என்பதுதான் பேச்சில்.)

இருப்பதிலேயே மோசம் மூடி டேப். பெட்டிகளைக் கழுவும் நாளில் மூடிகளும் கழுவப்படும். இரண்டு மூடி இடம் மாறினால் போதும், பாம்பின் குலம் கோத்திரமே மாறிவிடும். ஒரு ஜோடி விஷயத்தில் அப்படித்தான் ஆகியிருந்தது. ஒரே ஈட்டில் பிறந்த இரண்டு பெண் குட்டிகள், பார்க்க ஒரே மாதிரி; பிறந்த அன்று எடுத்த படம் இல்லாமல் போயிருந்தால் எது எது என்று கடைசிவரை தெரிந்திருக்காது.

அப்புறம் அடையாள எண். என் பழைய முறையில் பாம்பு ஆணா பெண்ணா என்பதும் அதன் மார்ஃபும் (நிறத்தையும் திட்டுகளையும் வைத்துச் சொல்லும் ரகம்) எண்ணிலேயே இருக்கும்: "ஆ-2", "பெ-5", "ஆ-பாஸ்டல்-9" என்று. பார்க்க வசதி, ஆனால் முட்டாள்தனம். குட்டிப் பருவத்தில் வால் அடியை மெல்ல அழுத்தி ஆணா பெண்ணா என்று பார்ப்போம், பாப்பிங் என்பார்கள். அதில் கை தவறுவது சகஜம். என் "ஆ-7" மூன்றாம் வருடம் நாலு கூமுட்டை இட்டபோதுதான் அது பெண் என்று தெரிந்தது. ஒரு வருடம் முழுக்க அதை ஒரு பெண்ணோடு சேர்த்துவிட்டு "சோம்பேறி ஆண்" என்று திட்டியிருக்கிறேன். பதிவேடு தருவது அர்த்தமே இல்லாத ஒரு வரிசை எண். முதலில் எரிச்சலாக இருந்தது. அர்த்தம் இல்லாததால்தான் அந்த எண் பொய்யாகிப் போகவும் வழியில்லை என்பது ஆ-7 விவகாரத்துக்குப் பிறகு உறைத்தது. பழைய பெயரை அடைமொழி போல வைத்துக்கொண்டேன்.

எண்ணையும் பாம்பையும் இணைப்பது எது என்பது அடுத்த சிக்கல். வளர்ந்த பெண்கள் ஐந்துக்கும் கால்நடை மருத்துவரிடம் மைக்ரோசிப் போட்டாயிற்று, 15 இலக்க எண். குட்டிகளுக்குப் போட மனம் வரவில்லை. மற்றவற்றுக்குப் படம்தான். பால் பைதானின் உடலில் இருக்கும் திட்டுகளின் வடிவம் ஒவ்வொன்றுக்கும் வேறு, ஆயுளுக்கும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். நிறம் மங்கும், பழுப்பேறும், பனானா மார்ஃபில் வயதாக ஆகக் கரும்புள்ளிகள் கூடும். ஆனால் திட்டின் ஓரம் நகராது. கழுத்திலிருந்து முதல் பத்துத் திட்டுகள், இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம், மேலிருந்து ஒன்று. வெள்ளைத் துணியில், பகல் வெளிச்சத்தில். 14 பாம்புக்கும் எடுத்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. பந்தாகச் சுருண்டவை அவிழும்வரை காத்திருந்ததில்தான் பாதி நேரம்.

பதிவேட்டில் எதைப் பார்த்தேன்

குடும்ப மரத்தை அழகாக வரைந்து காட்டுவது எல்லாப் பதிவேடும் செய்கிற வேலை. அதில் மயங்கவில்லை. நான் பார்த்தது நாலு விஷயம். தகப்பன் இருவரில் ஒருவர் என்று போட இடம் இருக்கிறதா, ஒரு தகவல் எப்படித் தெரியும் என்று எழுதக் கட்டம் இருக்கிறதா, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாறு அழியாமல் நிற்கிறதா, என் தகவல் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக நான் இறக்கிக்கொள்ள முடியுமா. கடைசியது மிக முக்கியம். இப்படிப்பட்ட தளங்கள் பலவும் யாரோ ஒருவருடைய ஆர்வத்தில் ஓடுபவை. அவர் களைத்துப் போனால் உங்கள் பாம்பின் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் ஒரே ராத்திரியில் காணாமல் போய்விடுவார்கள்.

இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. பந்தயக் குதிரைகளுக்கு இங்கிலாந்தில் 1791-லேயே வம்சாவளிப் புத்தகம் அச்சிட்டிருக்கிறார்கள். உயிரியல் பூங்காக்களும் அரிய விலங்குகளுக்கு இனம் வாரியாக வம்சாவளிப் பதிவேடு வைத்துத்தான் எதை எதோடு சேர்ப்பது என்று முடிவு செய்கின்றன. பாம்பு வளர்ப்பவர்களான நாம்தான் மாஸ்கிங் டேப்பில் நிற்கிறோம்.

ஹெட் என்ற நம்பிக்கை

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பதிவேட்டின் பயனில் பாதி இதில்தான் இருக்கிறது. அல்பினோ (கறுப்பு நிறமி இல்லாதது), பைபால்ட் (உடலில் வெள்ளை வெள்ளையாக விழுந்தது) போன்றவை ரெசஸிவ், பாடப்புத்தகத் தமிழில் ஒடுங்கு பண்பு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி வந்தால்தான் வெளியே தெரியும். ஒரு பிரதி மட்டும் இருந்தால் பாம்பு பார்க்கச் சாதாரணம், உள்ளே பண்பைச் சுமக்கும். அதைத்தான் ஹெட் என்கிறோம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிறோம். ஆதாரம் பெற்றோர் யார் என்ற தகவல் மட்டுமே.

தாயோ தகப்பனோ அல்பினோவாக இருந்தால் பார்க்கச் சாதாரணமாக இருக்கும் குட்டி 100 சதவீத ஹெட், சந்தேகமில்லை. இரண்டு ஹெட்களைச் சேர்த்தால் நாலில் ஒன்று அல்பினோ, இரண்டு ஹெட், ஒன்று எதுவும் இல்லாதது. அல்பினோவை எடுத்துவிட்டால் பார்க்கச் சாதாரணமாக இருக்கும் மூன்றில் இரண்டு ஹெட். அதுதான் "66 சதவீத ஹெட்". ஒரு ஹெட்டைச் சாதாரணத்தோடு சேர்த்தால் "50 சதவீத ஹெட்". இந்த எண்கள் பாம்பைப் பற்றிச் சொல்பவை அல்ல, நமக்கு எவ்வளவு தெரியும் என்பதைச் சொல்பவை. பாம்புக்குள் பண்பு இருக்கும் அல்லது இருக்காது. 66 சதவீதம் அல்பினோவாக ஒரு பாம்பு எங்கும் ஊர்ந்து போவதில்லை.

பதிவேட்டில் ஏற்றும்போது என் பெ-8 "66 சதவீத ஹெட் அல்பினோ" என்றே வந்தது. ஆனால் அது போன சீசனில் ஓர் அல்பினோ ஆணோடு சேர்ந்து 6 குட்டி போட்டிருக்கிறது, ஆறும் சாதாரணம். அது உண்மையில் ஹெட் என்றால் ஒவ்வொரு குட்டியும் அல்பினோவாக இருக்கப் பாதி வாய்ப்பு. ஆறும் தப்பிப் போக 64-ல் 1. இதையும் பழைய மூன்றில் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், பெ-8 ஹெட்டாக இருக்கும் வாய்ப்பு 33-ல் 1. அதாவது 66 சதவீதம் என்று நான் பெருமையாக எழுதி வைத்திருந்தது இப்போது வெறும் 3 சதவீதம். நோட்டில் தாயின் பக்கம் தனி, ஈட்டின் பக்கம் தனி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. பதிவேட்டில் தாயின் பெயரைத் தொட்டால் குட்டிகள் வரிசையாக வந்து நின்றன.

வாழைப்பழப் பஞ்சாயத்து

என்னிடம் இருந்த பனானா ஆணை "மேல் மேக்கர்" (ஆண் பனானாக் குட்டிகளைத் தருவது) என்று சொல்லி விற்றார்கள். விளக்கம் தெரியாதவர்களுக்கு: பனானா பண்பு, ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் நிறப்புரியில் (குரோமோசோமில்) உட்கார்ந்திருக்கிறது. பைதான்களில் ஆண் எக்ஸ்-ஒய், பெண் எக்ஸ்-எக்ஸ். ஓர் ஆண் பனானா, அந்தப் பண்பைத் தன் அம்மாவிடமிருந்து வாங்கியிருந்தால் அது எக்ஸில் இருக்கும். அதன் பனானாக் குட்டிகள் ஏறக்குறைய எல்லாம் பெண். அப்பாவின் ஒய்யோடு வந்திருந்தால் பனானாக் குட்டிகள் ஏறக்குறைய எல்லாம் ஆண். எப்போதாவது ஒன்றிரண்டு மாறிப் பிறக்கும், அது விதிவிலக்கு. ஆக, ஓர் ஆண் பனானாவைப் பார்த்து அது எந்த ரகம் என்று சொல்லவே முடியாது. அதன் பெற்றோரில் பனானா யார் என்று தெரிந்தால் போதும், சொல்லிவிடலாம். வம்சாவளிக்கு இதைவிட நேரடியான பயன் எனக்குத் தெரியவில்லை.

என் ஆணுக்கு முதல் ஈட்டில் 4 பனானா. நாலும் பெண். பாப்பிங் செய்த என் கையைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன், ஆ-7 கதைக்குப் பிறகு அது நியாயம்தானே. மறுபடி பார்த்தாலும் நாலும் பெண்தான். விற்றவரிடம் கேட்டால் "அப்படித்தான் எனக்கும் சொன்னாங்க" என்றார். பதிவேட்டில் தேடியபோது, அந்த ஆண் பிறந்த ஈட்டை வேறொருவர் முன்பே ஏற்றியிருந்தார். தாயின் படம் இருந்தது. நல்ல மஞ்சள், உடம்பெல்லாம் கரும்புள்ளி. தாய்தான் பனானா, தகப்பன் சாதாரணம். மேல் மேக்கர் என்பது நடுவில் யாரோ கை மாற்றும்போது ஒட்டிக்கொண்ட கதை. ஐந்து நிமிடத்தில் தீர்ந்த பஞ்சாயத்து. இதை வாங்கும் முன் செய்திருக்கலாம்.

பிள்ளையார் சுழி

இனி எனக்கே வியர்த்த இடம். அடுத்த சீசனுக்கு ஒரு பைபால்ட் ஆணையும், பைபால்ட்டுக்கு 100 சதவீத ஹெட்டான ஒரு பெண்ணையும் சேர்ப்பதாக இருந்தேன். இரண்டையும் வேறு வேறு ஆட்களிடம் வாங்கினேன். "உறவே இல்லாத ரத்தம்" என்று இரண்டு பேருமே சொன்னார்கள், பொய்யும் சொல்லவில்லை. பதிவேட்டில் ஜோடி போட்டுப் பார்த்தேன். உள்ளின இனப்பெருக்கக் குணகம் (ஜோடி எவ்வளவு நெருங்கிய உறவு என்று காட்டும் எண்) பூஜ்யம் என்று காட்டியது. திருப்தி.

அன்று மாலை சும்மா ஆணின் தகப்பன் படத்தையும் பெண்ணின் தகப்பன் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆணின் தகப்பன் பெயர் "ராஜா", இளம் வயதுப் படம், பளிச்சென்ற நிறம். பெண்ணின் தகப்பன் "கே-11", கிழட்டுப் பழுப்பு, கனத்த கழுத்து. இரண்டு வேறு பாம்பு என்று யாரும் சொல்வார்கள். ஆனால் இடப்பக்கம் கழுத்துக்குப் பின் மூன்றாவது திட்டில், ஓரம் உள்ளே வளைந்து வால் இழுத்தது போல, அச்சு அசல் பிள்ளையார் சுழி. இரண்டு படத்திலும். நாலாவது திட்டில் உள்ளே இரண்டு புள்ளி, ஐந்தாவதில் ஒன்றும் இல்லை. அதுவும் இரண்டு படத்திலும்.

ராஜாவை அதன் முதல் சொந்தக்காரர் நடுவயதில் கை மாற்றியிருக்கிறார். வாங்கியவர் புதுப் பெயர் வைத்துப் புதுப் பதிவு போட்டிருக்கிறார். இருவருக்கும் எழுதி, படங்களை அனுப்பி, விற்ற தேதியைக் கேட்டு உறுதி செய்து, இரண்டு பதிவையும் ஒன்றாக்க மூன்று வாரம் ஆனது. இணைத்த மறு நொடி பூஜ்யமாக இருந்த எண் 12.5 சதவீதம் ஆனது. என் ஜோடி ஒரு தகப்பன் பிள்ளைகள்.

அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்க மரபியலாளர் சீவால் ரைட் 1922-ல் கொடுத்த கணக்கு அது. பொது மூதாதையிலிருந்து தகப்பன் வழியாக எத்தனை படி, தாய் வழியாக எத்தனை படி என்று எண்ணி, ஒன்றைக் கூட்டி, அத்தனை முறை பாதியாக்க வேண்டும். இங்கே ஒன்று, ஒன்று, கூட ஒன்று. மூன்று முறை பாதி, எட்டில் ஒன்று, 12.5 சதவீதம். உடன்பிறந்தவற்றைச் சேர்த்தாலும் பெற்றோரோடு பிள்ளையைச் சேர்த்தாலும் 25 சதவீதம். ஒரு புது ரெசஸிவ் மார்ஃபைப் பெருக்க, குட்டியை மறுபடி பெற்றோரோடேயே சேர்ப்பது இந்தத் துறையில் ஆரம்பத்திலிருந்தே நடப்பது. யாரும் அதைச் சத்தமாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான். 12.5-ஐப் பார்த்து அலற வேண்டியதில்லை. ஆனால் தெரியாமல் செய்வதற்கும் தெரிந்து செய்வதற்கும் வித்தியாசம் உண்டு. நான் ஜோடியை மாற்றிவிட்டேன்.

என்னை அதிகம் உறுத்தியது முதலில் காட்டிய பூஜ்யம்தான். காலியான கட்டத்தைக் கணினி "உறவில்லை" என்று எடுத்துக்கொள்கிறது. கொள்ளுத்தாத்தா யார் என்று தெரியாத பாம்புக்குப் பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும். குறைவாக எழுதியவருடைய பாம்பு சுத்தமாகத் தெரியும், விடாமல் எழுதியவருடைய பாம்பு அழுக்காகத் தெரியும். அதனால் இப்போது குணகத்தைப் பார்க்கும் முன், மூன்று தலைமுறையில் உள்ள 14 மூதாதைக் கட்டங்களில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று பார்க்கிறேன். 14-ல் 4 நிரம்பியிருந்து குணகம் பூஜ்யம் என்றால் அந்தப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை.

போவாவின் கால்

போவா விஷயம் சீக்கிரம் முடிந்தது. "ஹெட் அல்பினோ" என்று வாங்கியது. போவாக்களில் அல்பினோ இரண்டு வழி: கால் (Kahl), ஷார்ப் (Sharp) என்று. இரண்டும் பார்க்க அல்பினோதான், ஆனால் வேறு வேறு ஜீன். ஒன்றை மற்றொன்றோடு சேர்த்தால் ஒரு குட்டிகூட அல்பினோ இல்லை, எல்லாம் இரண்டு பக்கமும் சுமக்கும் சாதாரணக் குட்டிகள். பால் பைதானில் கேண்டியும் அல்பினோவும் இதற்கு நேர் எதிர்: பெயர்தான் வேறு, இரண்டும் ஒரே ஜீனின் வேறு வடிவங்கள், சேர்த்தால் நடுத்தர நிறத்தில் ஒன்று வெளியே தெரியும். பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. என் போவாவுக்கு எந்த வழி என்று எழுதியவர் யாரும் இல்லை. பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். இந்தப் பாம்புக்கே தன் 'கால்' உண்டா இல்லையா என்று தெரியாது. "வழி தெரியவில்லை" என்று பதிந்து, இனப்பெருக்கத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

சரி, ஆ-2-வா ஆ-3-யா

மறுபடி அந்தக் கேள்விக்குறிக்கு வருவோம். படங்களைத் தேதி வாரியாக அடுக்கியபோது நினைவு வந்தது. பெ-5 அல்பினோ. அந்த சீசனில் ஆ-2-ஐ விட்டேன்: பாஸ்டல், அதோடு பைபால்ட்டுக்கு 100 சதவீத ஹெட். ஆள் அக்கறையே காட்டவில்லை. ஆணுக்குப் போட்டி காட்டினால் சூடு பிடிக்கும் என்று சொல்வார்கள், அதனால் ஆ-3-ஐ மூன்று நாள் விட்டு எடுத்தேன். ஆ-3 எந்த மார்ஃபும் இல்லாத சாதாரண ஆண். பிறகு மறுபடி ஆ-2. பிணையல் பார்த்தது ஒரே ஒரு முறை, ஆ-2-ஓடு. ஆ-3 அந்த மூன்று நாளில் என்ன செய்தான் என்று நான் பார்க்கவில்லை. முந்தைய சீசனிலும் பெ-5-க்கு ஜோடி ஆ-3-தான். பெண் பாம்புகள் விந்தைச் சேமித்து வைக்கும். ஒரு டைமண்ட்பேக் விரியன் குறைந்தது 5 வருடம் சேமித்து வைத்திருந்து குட்டி போட்டது பதிவாகியிருக்கிறது. ஒரே ஈட்டில் இரண்டு தகப்பன் இருப்பதும் பாம்புகளில் உண்டு. கேள்விக்குறி நியாயமானதுதான், அதை விற்கும்போது சொல்லாமல் விட்டதுதான் அநியாயம்.

பொரித்த அன்றைய படம் கிடைத்தது. முட்டைகள் கீறப்பட்டு, ஈரத் தலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஃபோனில் பெரிதாக்கி எண்ணினேன்: 5 தலை. இரண்டில் பாஸ்டலுக்கே உரிய மஞ்சள் துல்லியமாகத் தெரிகிறது. பெ-5-க்குப் பாஸ்டல் கிடையாது, ஆ-3-க்கும் கிடையாது. அந்த இரண்டுக்கும் தகப்பன் ஆ-2 என்பதில் சந்தேகமில்லை. மற்ற மூன்றும் பெரும்பாலும் அவனுடையவைதான், ஆனால் "பெரும்பாலும்".

கேள்வி கேட்டவரின் பாம்பு அந்த மூன்றில் ஒன்று. தாய் அல்பினோ என்பதால் தகப்பன் யாராக இருந்தாலும் 100 சதவீத ஹெட் அல்பினோ, அது நிற்கும். ஆனால் நான் "50 சதவீத ஹெட் பைபால்ட்" என்றும் எழுதிக் கொடுத்திருந்தேன். அது ஆ-2 தகப்பன் என்றால்தான் செல்லும். அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, அடுத்த முறை சட்டை உரித்ததும் ஒரு துண்டை மரபணு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னேன், செலவு என்னுடையது. உரித்த சட்டையிலேயே இதைப் பார்த்துவிடலாம், ஊசி குத்த வேண்டியதில்லை. முடிவு வந்தது: பைபால்ட் இல்லை. ஆ-2 தகப்பனாக இருந்தாலும் பாதிக்குப் பாதி இப்படி வரலாம், ஆ-3 என்றால் நிச்சயம் இப்படித்தான் வரும். ஆகவே அவர் பாம்புக்குள் என்ன இருக்கிறது என்பது தீர்ந்தது, தகப்பன் யார் என்பது தீரவில்லை. பதிவேட்டில் இரண்டு பெயரையும் போட்டு, படத்தையும் ஆய்வு முடிவையும் கீழே சேர்த்தேன்.

மற்ற நாலு பேருக்கும் எழுதினேன். பாஸ்டல் வைத்திருந்த இருவருக்கும் ஒன்றும் மாறவில்லை, நன்றி சொன்னார்கள். மீதி இருவரில் ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர், "அப்போ 50 சதவீதம்னு எந்த தைரியத்துல எழுதினீங்க?" என்றார். பதில் இல்லாத கேள்வி. வித்தியாசத் தொகையைத் திருப்பிக் கொடுத்தேன்.

கட்டம் இல்லாதவை

பதிவேடு கேட்காத விஷயங்களும் இருக்கின்றன, அவற்றைக் குறிப்பில் எழுதுகிறேன். எது இரை எடுக்க ஆறு மாதம் அடம் பிடித்தது, எந்த ஈட்டில் முதுகெலும்பு வளைந்த குட்டி வந்தது. ஸ்பைடர் மார்ஃபின் தலை ஆட்டம் எல்லோருக்கும் தெரியும், உள்காது அமைப்பில் உள்ள கோளாறு வரை பார்த்துவிட்டார்கள். ஆனால் இவ்வளவு பிரபலம் இல்லாத குறைகளும் வழி வழியாக வரலாம். நிறத்துக்கு 40 பெயர் எழுதக் கட்டம் வைத்தவர்கள் இதற்கு ஒரு கட்டம் வைத்திருக்கலாம்.

இன்னொன்று, தகப்பனே இல்லாத குட்டி. ஆணைப் பார்க்காத பெண் தனியாகவே குட்டி தருவது போவாவிலும் பைதான்களிலும் மரபணுச் சோதனையில் உறுதியாகியிருக்கிறது. "தகப்பன் தெரியவில்லை" வேறு, "தகப்பன் இல்லை" வேறு. நான் சேர்ந்த பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே காலிக் கட்டம்தான் இருந்தது. எழுதிக் கேட்டேன், இரண்டாவதைத் தனியாகச் சேர்த்துவிட்டார்கள்.

விற்ற பாம்புகளின் புதுச் சொந்தக்காரர் விவரத்தை மட்டும் நான் வெளியே காட்டுவதில்லை. யார் வீட்டில் எத்தனை பாம்பு இருக்கிறது என்பது ஊருக்கே தெரிய வேண்டிய செய்தி இல்லை.

இந்த சீசனில் பெ-5 மறுபடி இட்டிருக்கிறது, 7 முட்டை, அதில் ஒன்று கூமுட்டை. இன்குபேட்டர் 31.5 டிகிரி செல்சியஸில் ஓடுகிறது. இந்த முறை விட்டது ஆ-2-ஐ மட்டும், பிணையல் மூன்று முறை, மூன்றுக்கும் படம் இருக்கிறது. எண்ணை மூடியில் எழுதவில்லை, பெட்டியின் உடம்பில் எழுதியிருக்கிறேன். பதிவேட்டில் தகப்பன் கட்டத்தில் ஆ-2 என்று போட்டு, கீழே "பழைய விந்து: வாய்ப்பு உண்டு, ஆ-3" என்று சேர்த்தேன். பொரிக்க இன்னும் 19 நாள் இருக்கிறது.